மூன்று நிமிட ஆர்வம்

பொத்தான்கடைக்காரர் யாருக்கும் பயப்படாதவர் என்று கடைவீதியில் பேர். நாலு பொத்தான் வாங்க வந்து நாற்பது டப்பாவைக் கவிழ்க்கச் சொல்லி, கடைசியில் ‘நாளைக்கு வரேன்’ என்று கைவீசிப் போகிறவர்களைக்கூடச் சிரித்த முகத்தோடு வழியனுப்புகிறவர். அப்பேர்ப்பட்டவர் அன்று காலை கடை ஷட்டரில் ஒட்டியிருந்த நோட்டீசைப் படித்தார். கையிலிருந்த சாவியைப் பூட்டில் போடாமல் சட்டைப் பையில் போட்டார். பிறகு கால்மணி நேரம் சாவியைத் தேடினார்.

நோட்டீஸ் வாசிப்பு நேச வளர்ப்புத் துறையிலிருந்து வந்திருந்தது.

‘ஆறு வயதுடைய தங்கள் மகள் ஒரே புத்தகத்திலிருந்து நாளுக்கொரு கதை கேட்டுவருவதாகத் துறையின் கவனத்துக்கு வந்துள்ளது. இது கதைக் கலப்படம் ஆகும். வரும் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, மேற்படி புத்தகத்துடன், சத்த வாசிப்புத் தேர்வுக்கு ஆஜராகவும். வராவிட்டாலும், வந்து தோற்றாலும், குழந்தையின் மாலை ஆறு முதல் ஏழு வரையிலான நேரம் துறையால் எடுத்துக்கொள்ளப்படும். அன்புடன்.’

அந்த ‘அன்புடன்’ என்ற சொல்லைத்தான் அவர் திரும்பத் திரும்பப் படித்தார். முறைத்துக்கொண்டு மிரட்டுகிறவனிடம் பேசிப் பார்க்கலாம். அன்போடு மிரட்டுகிறவனிடம் எந்தப் பேச்சும் படியாது என்பது அவர் தொழில் கற்றுக்கொடுத்த பாடம்.

அவர் செய்த குற்றம் இதுதான். மனைவிக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் மாலை வேலை. அதனால் ஆறு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு மாடியேறி, மகளை மடியில் இருத்தி, அவளுக்குப் புத்தகம் வாசிப்பார். மகளை வீட்டில் எல்லோரும் மொதலாளி என்று கூப்பிடுவார்கள், பேரும் பொருத்தம்தான். புத்தகத்தில் ஒரு கரடி. அதனிடம் ஒரு சிவப்புக் குடை. ஆறாம் பக்கத்தில் காற்று குடையைப் பறித்துக்கொண்டு போகிறது. காக்காய் ஒன்று அதைப் பிடித்துத் தன் கூட்டுக்குக் கூரையாக்கிக்கொள்கிறது. பன்னிரண்டாம் பக்கத்தில் கரடி நனைந்துகொண்டே வீட்டுக்குப் போகிறது. முற்றும்.

“இது அநியாயம்,” என்று மகள் முதல் நாளே சொல்லிவிட்டாள்.

“அச்சாயிடுச்சேம்மா. நான் என்ன பண்ண?”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. காக்கா குடையைத் திருப்பிக் குடுக்கணும்.”

“முழுக் குடையுமா? அது எங்க போகும், பாவம்.”

“சரி. பகல்ல கரடிக்கு. ராத்திரி காக்காய்க்கு.”

“ராத்திரி மழை பெஞ்சா கரடி என்ன பண்ணும்?”

“கரடி தூங்கும்ப்பா. யாராவது குடை புடிச்சுக்கிட்டுத் தூங்குவாங்களா?”

அந்த இடத்தில் அவர் தோற்றார். பகல் கரடிக்கு, இரவு காக்காய்க்கு என்று படிந்தது. மறுநாள் மகள் அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்தாள். இப்படிப் பன்னிரண்டு பக்கப் புத்தகம் அவர்களுக்கு எட்டு மாதமாக ஓடிக்கொண்டிருந்தது.

பள்ளியில் ‘வீட்டு வாசிப்புக் கணக்கெடுப்பு’ என்று ஒரு படிவம் வந்தபோது ஆசிரியை கேட்டிருக்கிறார், நேற்று என்ன கதை என்று. கரடியும் காக்காயும் கூட்டாகக் குடைக்கடை போட்டன என்றாள் மகள். முந்தாநாள்? காக்காய்க்கும் கரடிக்கும் வழக்கு நடந்தது. அதற்கு முன்னால்? கரடி குடையே வேண்டாமென்று தொப்பி வாங்கிக்கொண்டது. எல்லாம் எந்தப் புத்தகம்? ஒரே புத்தகம்தான், டீச்சர். ஆசிரியை நல்லவர். படிவத்தில் உண்மையை எழுதிவிடுகிற அளவுக்கு நல்லவர்.

எதிர்க்கடைத் தையல்காரர் நோட்டீசைப் படித்துவிட்டுக் கத்தரியைக் கீழே வைத்தார். அவர் போன வருஷம் அந்தத் தேர்வில் தோற்றவர்.

“என்ன கேப்பாங்கண்ணே?” என்றார் பொத்தான்கடைக்காரர்.

“வாசிக்கச் சொல்வாங்க. மூணு நிமிஷம். நான் ஒரு இடத்துல இருமிட்டேன். ‘கதையில இருமல் இல்லையே, நீங்களா சேர்த்தீங்களா’ன்னுட்டாங்க.”

“உங்க பொண்ணு இப்ப?”

“தினம் ஆறு மணிக்கு வாசிப்பு மண்டபம். நல்லா பாத்துக்கறாங்க. அப்படித்தான் அவங்க சொல்றாங்க.” தையல்காரர் குரலைத் தாழ்த்தினார். “இப்ப எந்தப் புத்தகத்தைப் பாத்தாலும் எழுந்து நின்னு ‘உள்ளேன் ஐயா’ங்குது தம்பி. நேத்து என் அளவு நோட்டைப் பாத்துச் சொல்லிடுச்சு.”

பொத்தான்கடைக்காரர் நோட்டீசைத் திருப்பி வாங்கி மடித்தார்.

“அதுகூடப் பரவாயில்லன்னு வை. குழந்தைதான் கலப்படத்துக்குக் காரணம்னு தெரிஞ்சா ‘தூண்டிய குழந்தை’ன்னு எழுதி மௌன வாசிப்புப் பிரிவுக்கு அனுப்பிடுவாங்களாம். மூடின புத்தகத்துக்கு முன்னால ஒரு மணி நேரம் கைகட்டி உக்காரணும்.”

“எவ்வளவு நாளைக்கு?”

“புத்தகத்து மேல ஆசை வர்ற வரைக்கும்.”

அன்று மாலை அவர் மகளுக்குப் புத்தகத்தை அச்சில் இருந்தபடியே வாசித்தார். ஒரு எழுத்து கூட்டவில்லை, குறைக்கவில்லை. மகள் அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

“உடம்பு சரியில்லையாப்பா?”

“நல்லாத்தான் இருக்கேன்.”

“அப்ப ஏன் இப்படிப் படிக்கிற? யாரோ கேக்கறாங்களா?”

அவர் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார்.

வேலை முடிந்து வந்த மனைவி விஷயத்தைக் கேட்டாள். துவைத்துக் காய்ந்த சட்டை ஒன்றை எடுத்து, அதன் ஆறு பொத்தானையும் போட்டாள், கழற்றினாள், மறுபடியும் போட்டாள். “நீ வாயைத் திறந்தா பேரம்தான் வரும். திங்கக்கிழமை மட்டும் உன் வாயை வீட்ல வச்சிட்டுப் போ,” என்றாள்.

திங்கட்கிழமை அவர் ஒன்பது மணிக்கே போய் நின்றார். துறையின் கட்டடத்தில் நீளமான ஒரு நடைவழி. நடையின் தொடக்கத்தில் ‘சத்தமாக வாசிப்போம்’ என்று ஒரு பலகை, அதற்குக் கீழேயே ‘அமைதி காக்கவும்’ என்று இன்னொன்று. இரண்டு பக்கமும் கண்ணாடி அலமாரிகளில் குழந்தைப் புத்தகங்கள். ஒவ்வொரு அலமாரிக்கும் பூட்டு, பூட்டுக்கு மேலே அரக்கு முத்திரை. ஒரு புத்தகத்தின் அட்டையில் முயல் ஒன்று கண்ணாடிக்குள்ளிருந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தார்.

குமாஸ்தா ஒரு படிவத்தை நீட்டினார். “உறுதிமொழி. சத்தமா வாசிங்க,” என்றார் ரகசியக் குரலில்.

பொத்தான்கடைக்காரர் தொண்டையைச் செருமினார்.

“ஸ்ஸ். இங்க சத்தம் போடக் கூடாது.”

“நீங்கதானே சார் சத்தமா...”

“சத்தமா வாசிக்கணும். சத்தம் கேக்கக் கூடாது.”

கடைசியில் அவர் உதட்டை மட்டும் அசைத்தார். குமாஸ்தா அந்த உதட்டையே உன்னிப்பாகப் பார்த்திருந்துவிட்டு, ‘கேட்டேன், தெளிவாக இருந்தது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

தேர்வு அறையில் மேசைக்குப் பின்னால் இயக்குநர். பக்கத்தில், கையில் மணியும் கழுத்தில் ஓட்டப்பந்தயக் கடிகாரமுமாக நேரம்பார்ப்பவர். நடுவில் பாலர் வகுப்புக்கான குட்டி நாற்காலி ஒன்றில், முழங்கால் இரண்டும் காதைத் தொட, நரைமீசையோடு ஓர் ஆள் குந்தியிருந்தார். சட்டையில் ‘மாதிரிக் குழந்தை’ என்று வில்லை குத்தியிருந்தது. ஓய்வுபெற இன்னும் இரண்டு வருஷம் இருக்கும்.

“உக்காருங்க, பயப்படாதீங்க,” என்றார் இயக்குநர். அதைக் கேட்டதும் பொத்தான்கடைக்காரர் நாற்காலியின் விளிம்பில் மட்டும் உட்கார்ந்தார். “நாங்க யாரையும் தண்டிக்கறதில்ல. இது அன்புக்கான துறை. நான் இருபத்திரண்டு வருஷமா இங்க இருக்கேன். ஒரு புத்தகம் எடுத்துப் படிக்க நேரம் கிடைச்சதில்ல. அத்தனையும் வாசிப்புக்காகக் கொடுத்திருக்கேன்.”

“பெரிய மனசு சார்.”

“புத்தகத்தைக் குழந்தைகள் நேசிக்கணும். அதுக்கு முதல்ல புத்தகத்தைக் குழந்தைகள்கிட்டேர்ந்து காப்பாத்தணும். போன வருஷம் நாப்பதாயிரம் புத்தகம் வாங்கினோம். இன்னி வரைக்கும் ஒரு பக்கம் மடங்கல. வேற எந்தத் துறையாவது இப்படிச் சொல்ல முடியுமா?”

“முடியாது சார்.”

“இவர்தான் மாதிரிக் குழந்தை. நிஜக் குழந்தைகளை வச்சுத் தேர்வு நடத்திப் பாத்தோம். ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி இருக்கு, நிர்வாகம் பண்ண முடியல. இவர் பதினெட்டு வருஷமா ஒரே மாதிரி இருக்கார். அரை நிமிஷத்துல கண்ணை அகலத் திறப்பார். ஒரு நிமிஷத்துல கன்னத்துல கை வைப்பார். ரெண்டாவது நிமிஷம் ‘ஐயோ’ம்பார். மூணு நிமிஷம் முடியறப்போ சிரிப்பார். நாலு அறிகுறியும் வந்தா ஆர்வம் வந்தாச்சு, நீங்க தேர்ச்சி. மணியடிச்சதும் புத்தகத்தை மூடிடணும்.”

“மூணு நிமிஷத்துக்கு மேல போனா?”

“அது ஆர்வம் இல்ல, பழக்கம்,” என்றார் இயக்குநர். “பழக்கம் ஆச்சுன்னா குழந்தை ‘அப்புறம்?’னு கேக்கும். இன்னிக்குக் கதையில ‘அப்புறம்?’னு கேட்ட குழந்தை நாளைக்கு எங்க நோட்டீசைப் படிச்சிட்டு ‘ஏன்?’னு கேக்கும். அதுக்கெல்லாம் பதில் சொல்ல எங்ககிட்ட ஆள் போதாது.”

பொத்தான்கடைக்காரர் புத்தகத்தைத் திறந்தார். எழுத்துகள் எறும்பாக ஓடின. வாயைத் திறந்தால் பேரம் வரும் என்று மனைவி சொன்னது காதில் விழுந்துகொண்டே இருந்தது. அவர் அச்சைப் பிடித்துக்கொண்டு, படியில் இறங்குகிற கிழவர் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வதுபோல, ஒவ்வொரு சொல்லாக இறங்கினார். கரடி வந்தது. குடை வந்தது. மாதிரிக் குழந்தையின் கண் அகன்றது. கை கன்னத்துக்குப் போனது. காற்று வந்து குடையைப் பறித்தது. “ஐயோ,” என்றார் மாதிரிக் குழந்தை, வருகைப் பதிவுக்குப் பதில் சொல்கிற குரலில். காக்காய் குடையைப் பிடித்தது. மணி அடித்தது. மாதிரிக் குழந்தை பல்லைக் காட்டினார். பொத்தான்கடைக்காரர் புத்தகத்தை மூடி மூச்சு விட்டார். தப்பித்தாயிற்று.

“அப்புறம்?” என்றார் மாதிரிக் குழந்தை.

நேரம்பார்ப்பவர் மணியின் நாக்கைப் பிடித்துக்கொண்டார்.

“அது அறிகுறிப் பட்டியல்ல இல்லையே,” என்றார் இயக்குநர் மெதுவாக.

“தெரியும் சார். மன்னிக்கணும். பதினெட்டு வருஷமா குழந்தையா இருக்கேன். ஒரு கதை முடிஞ்சு கேட்டதில்ல. எத்தனையோ ராஜகுமாரிங்க கிணத்துக்குள்ளயே கிடக்கறாங்க. அதையெல்லாம் நான் கேக்கல. இந்தக் காக்கா மட்டும் குடையைத் திருப்பிக் குடுத்துச்சா இல்லையான்னு சொல்லச் சொல்லுங்க.”

இங்கேதான் பொத்தான்கடைக்காரர் அந்தத் தப்பைச் செய்தார். இருபது வருஷமாகக் கல்லாவுக்குப் பின்னால் நிற்கிறவர். எதிரே ஒருவர் ஆவலோடு முகத்தைப் பார்த்து ஒன்றைக் கேட்டால், மூளைக்குச் சேதி போவதற்குள் வாய் முந்திக்கொள்ளும்.

“உங்களுக்கு எப்படி வேணும்?” என்று கேட்டுவிட்டார்.

கேட்ட பிறகுதான் அவருக்குக் குப்பென்று வியர்த்தது. ஆனால் மாதிரிக் குழந்தை நாற்காலியோடு முன்னால் நகர்ந்துவிட்டார்.

“குடுத்துடணும். முழுசா.”

“காக்காயோட கூடு நனையுமே சார்,” என்றது வாய். அதை நிறுத்த அவரால் முடியவில்லை.

“அப்ப மழை நாள்ல மட்டும் கரடிக்கு.”

“மழை நாள்லதானே காக்காய்க்கும் வேணும்.”

“புடிச்சது காக்கா,” என்றார் நேரம்பார்ப்பவர் திடீரென்று. கையில் மணி தொங்கிக்கொண்டிருந்தது. “காத்துல போன பொருள். புடிச்சவங்களுக்குத்தான் சொந்தம்.”

“அது எப்படி?” என்றார் இயக்குநர். “குடை கரடி பேர்ல இருக்கு. காக்கா வேணும்னா ஒரு விண்ணப்பம்...” சட்டென்று வாயை மூடிக்கொண்டார். கடிகாரத்தைப் பார்த்தார். பதினொரு நிமிஷம் ஆகியிருந்தது.

பொத்தான்கடைக்காரரை வெளியே நிற்கவைத்தார்கள். முயல் அவரைப் பார்த்தது. அவர் தன் செருப்பைப் பார்த்தார். ஒரு மணி நேரம் கழித்து உள்ளே கூப்பிட்டார்கள்.

“கலப்படம் நிரூபணம் ஆயிடுச்சு,” என்றார் இயக்குநர். “ஆனா அது எங்க கண்ணெதிர்ல, எங்களையும் சேர்த்துக்கிட்டு நடந்திருக்கு. வெளிய தெரிஞ்சா துறைக்குக் கெட்ட பேர். அதனால நீங்க தேர்ச்சி.”

“தெய்வம் சார் நீங்க.”

“இருங்க. உங்களை மாதிரி ஆளை வெளிய விட்டுவைக்கறது ஆபத்து. துறையே உங்களை எடுத்துக்குது. இன்னியிலேர்ந்து நீங்க வாசிப்பாளர். தினமும் மாலை ஆறுலேர்ந்து ஏழு, மண்டபம், மூணாம் அறை.”

பொத்தான்கடைக்காரர் கும்பிட்ட கையை இறக்கினார். “ஆறு மணிக்கு நான் என் பொண்ணுக்கு...”

“வாசிப்பாளர் சொந்தக் குழந்தைக்கு வாசிக்கறது சலுகை. விதி அனுமதிக்காது. ஆறு வயசுக் குழந்தை வீட்ல தனியா இருக்கவும் கூடாது. அதனால அவளுக்கும் இடம் ஒதுக்கியாச்சு. நாலாம் அறை.” இயக்குநர் புன்னகைத்தார். “பக்கத்து அறைதான். நாங்களும் பெத்தவங்கதானே.”

“எனக்கு வேண்டாம் சார். வாரத்துல ரெண்டு நாள் வரேன். இல்ல, மூணு நாள். காலையில வரேன், எந்த நேரம் சொன்னாலும் வரேன். ஆறு மணி மட்டும்...”

“வேண்டாம்னா தேர்ச்சி ரத்து. நீங்க கலப்படக்காரர். உங்க பொண்ணு தூண்டிய குழந்தை.”

வாழ்நாளில் முதல்முறையாக, எதிர்ப்பக்கம் ஆளே இல்லாத பேரத்தில் அவர் நின்றிருந்தார். கையெழுத்துப் போட்டார். பேனா மை கொட்டியது; அதற்கு ஒரு படிவம் கொடுத்தார்கள்.

அன்று மாலை மகளுக்குச் செருப்பு மாட்டிவிடும்போது அவர் தலையைக் குனிந்தே வைத்திருந்தார்.

“நீ வேற பிள்ளைங்களுக்குப் படிப்பியா?”

“ஆமாம்மா.”

“என்கூட யாரு சண்டை போடுவாங்க?”

“அங்க சண்டையெல்லாம் போடக் கூடாது கண்ணு. அப்பா சொல்றதைக் கேளு. கையைக் கட்டிக்கோ. ‘அப்புறம்’னு மட்டும் கேட்டுடாதே.”

“அப்புறம்?” என்றாள் மகள்.

மண்டபம் ஒரே நீளக் கூடம். ஒட்டுப்பலகை வைத்து ஆறு அறைகளாகத் தடுத்திருந்தார்கள். நாலாம் அறை வாசலில் நரைமீசைக்காரர் நின்றிருந்தார். ஆர்வம் காட்டிய குற்றத்துக்காக மாதிரிக் குழந்தைப் பதவியிலிருந்து வாசிப்பாளராக இறக்கப்பட்டிருந்தார். சட்டையில் வில்லை குத்திய இடத்தில் இரண்டு துளை. மகள் கையை அவரிடம் கொடுக்கும்போது பொத்தான்கடைக்காரர் காதோடு சொன்னார்: “சார், உங்க காலைத் தொட்டுக் கேக்கறேன். அச்சுல இருக்கறதை மட்டும் படிங்க. அவ வாயைக் கிளறாதீங்க.”

“நானா? எனக்கும் குடும்பம் இருக்குய்யா,” என்றார் அவர்.

மூன்றாம் அறையில் முப்பது குழந்தைகள். புத்தகத்தைக் கண்டதும் முப்பதும் எழுந்து “உள்ளேன் ஐயா” என்றன. அவர் உட்காரச் சொன்னார். கரடி வந்தது. குடை வந்தது. முப்பது ஜோடிக் கண்கள் சொல்லிவைத்தாற்போல் அகன்றன. முப்பது கைகள் கன்னத்துக்குப் போயின. அவர் கண்ணைப் புத்தகத்திலேயே வைத்துக்கொண்டார்.

பலகைக்கு அந்தப் பக்கம் நரைமீசைக்காரர் வாசிப்பது கேட்டது. அவரும் காக்காய் வரைக்கும் வந்துவிட்டார். பிறகு மகளின் குரல்.

“இது அநியாயம்.”

பொத்தான்கடைக்காரரின் விரல் வரியிலிருந்து வழுக்கியது. வேண்டாம் மொதலாளி, வேண்டாம்.

“அச்சாயிடுச்சே பாப்பா,” என்றது நரைமீசைக் குரல்.

“அச்சானா என்ன? நீங்க பெரியவர்தானே. குடை யாருக்குன்னு சொல்லுங்க.”

அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. அந்த மனுஷன் தன் குடும்பத்தை நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். பிறகு, பதினெட்டு வருஷம் அடக்கிவைத்த குரல் ஒன்று, “முழுசா கரடிக்குத்தான். நான் காலையிலேயே சொன்னேன்,” என்றது.

“முழுசாக் குடுத்தா எப்படி? காக்கா சும்மா விடுமா?”

நடையில் காலடிச் சத்தம். நேரம்பார்ப்பவர். காலையில் மணியடித்த பிறகும் பேரத்தில் சேர்ந்துகொண்டதற்கு அவருக்கும் ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்திருந்தது. அதனால் இப்போது கதவுக்குக் கதவு நின்று, காது வைத்துக் கேட்டு நடந்தார். முதல் அறை. நிசப்தம். இரண்டாம் அறை. நிசப்தம். மூன்றாம் அறைக் கதவின் கண்ணாடியில் அவர் நிழல் விழுந்தது. பொத்தான்கடைக்காரர் அச்சைப் பார்த்து ஒழுங்காக வாசித்தார். நிழல் திருப்தியடைந்து நகர்ந்தது.

நாலாம் அறையில் பேரம் சூடுபிடித்திருந்தது. மகளுக்கு வேகம் வந்தால் குரல் ஏறும். “ஒத்துக்க முடியாது” என்று அவள் சொன்னது இங்கே வரைக்கும் கணீரென்று கேட்டது. காலடி வேகமெடுத்தது.

மூடிய புத்தகத்துக்கு முன்னால், கைகட்டி, தன் மகள் உட்கார்ந்திருப்பது அவர் கண்முன் வந்தது. பொத்தான்கடைக்காரர் புத்தகத்தைக் கீழே வைத்தார். குரல் கடைக்குரலாக, வீதிக்கே கேட்கிற குரலாக வந்தது.

“நிறுத்துங்க எல்லாரும். கன்னத்துலேர்ந்து கையை எடுங்க. இந்தக் காக்கா பண்ணது சரியா தப்பா? சொல்லுங்க. இங்க அச்செல்லாம் கிடையாது. உங்களுக்கு எப்படி வேணுமோ அப்படித்தான் கதை.”

நடையில் காலடி நின்றது.

முப்பது குழந்தைகளும் அவரைப் பார்த்தன. ஒரு குழந்தை பழக்கதோஷத்தில் “ஐயோ” என்றது. அவர் கெஞ்சுகிற மாதிரி அவர்களைப் பார்த்தார். காலடி மறுபடியும் நாலாம் அறைப் பக்கம் ஓர் அடி வைத்தது.

முன்வரிசையில் முன்பல் விழுந்த ஒரு பெண் மெல்ல எழுந்தாள். “காக்காய்க்குக் குஞ்சு இருக்கா சார்?”

“சத்தமாக் கேளும்மா.”

“காக்காய்க்குக் குஞ்சு இருக்கா?”

“குஞ்சு இருந்தா குடை அதுக்குத்தான்,” என்றது பின்வரிசை.

“கரடிக்கும் குட்டி இருக்கலாமில்ல?”

“கரடிக்கு முடி இருக்கு, குடை எதுக்கு?”

“அது உன் குடையா இருந்தா இப்படிப் பேசுவியா?”

மூன்றாம் அறை சந்தைக்கடையாயிற்று. காலடி திரும்பியது. இப்போது அது இந்தப் பக்கம் ஓடிவந்தது. கண்ணாடியில் நிழல் பெரிதாயிற்று. கைப்பிடி திரும்பியது. இத்தனை கூச்சலிலும், பலகைக்கு அந்தப் பக்கம் மகள் விட்டுக்கொடுக்காமல் பேசிக்கொண்டிருப்பது அவர் காதில் மட்டும் விழுந்தது.

“மூணு குஞ்சு இருக்கு,” என்றார் பொத்தான்கடைக்காரர், கதவைப் பார்க்காமல். “மூணுக்கும் சளி.”